காய்ச்சலோடு தோலில் புள்ளி: டம்ளரை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

மூளைக்காய்ச்சலையும் கடும் ரத்தத் தொற்றையும் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டால் முதல் 4 முதல் 6 மணி நேரம் சாதாரணக் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் உயிரே போகும் நிலைக்கு வந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் தோல் சிலவற்றைக் காட்டும். அதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளும் சரி, நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரும் சரி, தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். புள்ளியைப் பார்த்த உடனே கண்ணாடி டம்ளரைத் தேடுகிறார்கள். டம்ளர் வைத்து அழுத்தி, புள்ளி மறைகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் இங்கே அது ஐந்தாவது படி. முதல் நான்கை விட்டுவிட்டு நேராக அதற்கு வந்தால், சோதனை சரியாக இருக்கும், முடிவு தப்பாகிவிடும்.

இன்னொன்றையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் அபூர்வம். மழைக்காலத்தில் காய்ச்சலும் புள்ளியுமாக வருகிறவர்களில் டெங்குவும் உண்ணிக்காய்ச்சலும்தான் அதிகம். அதனால்தான் அபூர்வமானது வரும்போது கண்ணில் படாமல் போகிறது. எதுவாக இருந்தாலும் தோலைப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

தட்டையான, ஒளி ஊடுருவும் ஒரு பொருள் வேண்டும். நம் வீடுகளில் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. டம்ளர் எல்லாம் எவர்சில்வர். டீக்கடை கண்ணாடி கிளாஸ் இருந்தால் அதன் பக்கவாட்டில் வரிவரியாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் ஸ்கேல். உடையாது, தட்டையாக உட்காரும், புள்ளியின் அளவையும் மில்லிமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம். பகலில் வாசற்படி, இரவில் வெள்ளை விளக்கு. மஞ்சள் பல்பின் கீழ் வெளிறிய பிள்ளையும் தங்க நிறமாகத் தெரியும். கரண்ட் இல்லையென்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தோல் பளபளத்து, சின்னப் புள்ளிகள் மறைந்துவிடும்.

ஒரு பால்பாயிண்ட் பேனா, நொடி காட்டும் கடிகாரம், ஈரத்துணி. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு போதும். இதற்கெல்லாம் 1 நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள்; கிடைக்கவில்லை என்றால் விரலே போதும்.

2. தோலைத் தொடும் முன் பிள்ளையைப் பாருங்கள்

முதல் பார்வை புள்ளிக்குப் போகக் கூடாது, முகத்துக்குப் போக வேண்டும். கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறதா? அம்மாவை அடையாளம் தெரிகிறதா? மூச்சு வேகமாக இழுக்கிறதா? கைக்குழந்தை என்றால் பால் குடிக்கிறதா, உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, அழுகை வழக்கமான அழுகையா, இல்லை கீச்சென்று முனகலாக இருக்கிறதா?

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மிச்சப் படிகளை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும் வரை மற்றதைப் பாருங்கள். காரணம் எளிது. மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்குப் புள்ளி இருந்தாலும் அவசரம், இல்லாவிட்டாலும் அவசரம். புள்ளியின் பதிலால் எதுவும் மாறப்போவதில்லை.

காய்ச்சல் அளவை வைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கும், கிருமி இறங்காது. மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு உடம்பு ஜில்லிட்டுப் போவதே கடும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். ‘காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், ஆனா தூங்கிட்டே இருக்கான்’ என்று ஒரு அம்மா சொன்னால் எனக்கு முதல் பாதி காதில் விழாது.

3. கை, கால், நிறம், கால்வலி: புள்ளிக்கு முன் வருபவை

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரத்தப்புள்ளி, கழுத்து விறைப்பு, நினைவு தடுமாறுவது எல்லாம் பெரும்பாலும் 13 மணி நேரத்துக்கு மேல்தான் வரும். அதற்கு வெகு முன்னாடியே, பல பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரத்திலேயே, மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும்: கால் வலி, ஜில்லென்ற கைகால், மாறிய தோல் நிறம்.

நெற்றி கொதிக்கும், பாதம் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு கையை வயிற்றிலும் மறு கையைப் பாதத்திலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ரத்த ஓட்டம் தளரும்போது உடம்பு கைகாலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பப் பார்க்கிறது. அதுதான் இந்தக் குளிர்ச்சி. சாதாரணக் காய்ச்சல் ஏறும் நேரத்திலும் கைகால் கொஞ்சம் ஜில்லிடும். அப்படியே நீடித்தால், அதோடு நிறமும் மாறினால், கவனம்.

நிறம் என்றால், மாநிறப் பிள்ளைகளுக்கும் கறுத்த பிள்ளைகளுக்கும் கன்னத்தைப் பார்த்துப் பயனில்லை. உதடு, நாக்கு, நகக்கண், உள்ளங்கை. உதட்டில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், தொடையில் வலைவலையாகத் திட்டு விழுந்திருந்தால், அது சரியில்லை.

அப்புறம் நொடிக் கணக்கு. நெஞ்செலும்பின் நடுவே விரலால் 5 நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்துக்கு 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 3 நொடியைத் தாண்டினால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. நெஞ்சில் தெரியவில்லை என்றால் நகத்தில் பாருங்கள். ஆனால் ஏசி அறையில் இருந்த பிள்ளையின் நகம் சும்மாவே மெதுவாகத்தான் சிவக்கும். அதனால்தான் நெஞ்சு முதலில்.

கால்வலியைப் பற்றி ஒரு வார்த்தை. காலை நீட்டினால் அலறும், நிற்க மறுக்கும். வீட்டில் அதற்குப் பதில் தயாராக இருக்கும்: விளையாடி விழுந்திருப்பான், சுளுக்கு, வளர்கிற வலி. எண்ணெய் தேய்த்து உருவுவார்கள். காய்ச்சலோடு சேர்ந்து வரும் கால்வலியை உருவிப் பார்க்கக் கூடாது.

4. உடுப்பை முழுதாகக் கழற்றுங்கள்

சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பது தோலைப் பார்ப்பதாகாது. ஜட்டி, சாக்ஸ், டயப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை கூச்சப்படும். போர்வையைப் போட்டுப் பகுதி பகுதியாக விலக்கிப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழைநாள். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பெண் குழந்தை வந்தது. உடம்பெங்கும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார்கள். ‘அம்மை போட்டிருக்கும்மா, மருந்து வேணாம், குளிர்ச்சியா எதுனா குடு’ என்றார் ஆயா. நான் ஆயாவோடு வாதாடவில்லை. ‘பூசினது அப்படியே இருக்கட்டும் ஆயா, கால்ல மட்டும் கொஞ்சம் தொடச்சுக்கறேன்’ என்று ஈரப் பஞ்சால் கணுக்காலைத் துடைத்தேன். சாக்ஸ் எலாஸ்டிக் பதிந்திருந்த கோட்டின் மேலேயே ஐந்து புள்ளிகள், கேழ்வரகு அளவில். மஞ்சளுக்கடியில் அவை காபித்தூள் சிந்தின மாதிரிதான் இருந்தன. எடை பார்த்துக் கட்டிலில் கிடத்துவதற்குள் முழங்காலுக்குப் பின்னால் இன்னொன்று, உளுந்தளவு, நாவல்பழக் கறை நிறத்தில்.

முதலில் புள்ளி விழுவது பெரும்பாலும் துணி இறுக்கிய இடங்களில்: ஜட்டி எலாஸ்டிக், சாக்ஸ் கோடு, அரைஞாண் கயிறு, கால் கொலுசு. ஏற்கனவே பழுதுபட்ட நுண்ணிய ரத்தநாளம் சின்ன அழுத்தத்துக்கே ஒழுகிவிடும். அதனால் தேடலையும் அங்கிருந்து ஆரம்பியுங்கள்: இடுப்பு, கணுக்கால், உள்ளங்கால், முழங்கால் பின்புறம், பிட்டம், அக்குள், கடைசியாக நெஞ்சும் முகமும்.

கறுத்த தோலில் சின்னப் புள்ளி எளிதில் தப்பிவிடும். அதற்காகவே மூன்று இடங்கள் இருக்கின்றன: கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம், உள்ளங்கை உள்ளங்கால். தோல் எந்த நிறமானாலும் இந்த இடங்கள் வெளிர்நிறம்தான். கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இறக்கினால் போதும். அண்ணத்துக்குப் போன் டார்ச்.

எது எதை மறைக்கும் என்று ஒரு கணக்கு எனக்கு மனப்பாடம். முகப்பவுடர், காலமைன் லோஷன், விபூதி, சந்தனம், மஞ்சள். உள்ளங்கை மருதாணி எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். தீபாவளி, கல்யாண சீசனில் கையையும் காலையும் நம்பாதீர்கள், இமைக்கும் அண்ணத்துக்கும் போங்கள்.

5. அழுத்திப் பாருங்கள்

இப்போது ஸ்கேலையோ டம்ளரையோ எடுக்கலாம். புள்ளியின் மேல் தட்டையாக வைத்து, சுற்றியுள்ள தோல் வெளிறும் அளவுக்கு உறுதியாக அழுத்துங்கள். அழுத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

எடுத்தபின் பார்ப்பது முதல் தவறு. அழுத்தம் போனதும் ரத்தம் திரும்பிவிடும். எல்லாப் புள்ளியும் மறையாத புள்ளியாகவே தெரியும். மெல்ல ஒட்டவைப்பது இரண்டாவது தவறு. சுற்றித் தோல் வெளிறவில்லை என்றால் நீங்கள் அழுத்தவே இல்லை என்று பொருள்.

ஒரே ஒரு புள்ளியைப் பார்த்து முடிவுசெய்வது மூன்றாவது. மறைவதும் மறையாததும் ஒரே உடம்பில் கலந்து இருக்கும். குறைந்தது நான்கைந்து இடத்திலாவது, முக்கியமாகக் கறுத்துத் தெரிவதை, அழுத்திப் பாருங்கள்.

கண்ணாடிப் பொருளே இல்லையா? இரண்டு பெருவிரல்களைப் புள்ளியின் இருபக்கமும் வைத்துத் தோலை விரித்து இழுங்கள். வெறும் சிவப்பு என்றால் இழுத்த தோலில் மங்கும். ரத்தக் கசிவு அப்படியே நிற்கும்.

6. பதிலைப் படிப்பது

சாதாரணத் தடிப்பில் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது, குழாய் விரிந்திருக்கிறது. அழுத்தினால் ரத்தம் நகரும், சிவப்பு மறையும். ரத்தப்புள்ளியில் ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலுக்குள் தேங்கிவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் போக இடமில்லை.

மெனிங்கோகாக்கஸ் கிருமியின் வெளியுறையிலிருந்து வரும் நச்சு ரத்தநாளத்தின் உள்சுவரைப் பாழாக்குகிறது. சுவர் ஒழுகுகிறது. அதே நேரத்தில் நுண்குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து அடைக்கிறது. உறைவதற்கான பொருட்களெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால் மற்ற இடங்களில் ரத்தம் நிற்பதில்லை. அடைப்பும் ஒழுகலும் ஒன்றாக நடப்பதுதான் இந்த நோயின் கொடுமை. தோலில் நீங்கள் பார்க்கும் புள்ளி, சிறுநீரகத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் நடந்துகொண்டிருப்பதன் வெளித்தோற்றம்.

அளவையும் பாருங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் ரத்தப்புள்ளி. அதைவிடப் பெரிதாக, ஊதா நிறத்தில் இருந்தால் ரத்தத்திட்டு. ஓரம் ஒழுங்கில்லாமல் நட்சத்திரம் மாதிரி பிசிறி, நடுவில் ஈயத்தைப் போல் சாம்பல் நிறம் தட்டினால் அந்த இடத்துத் தோல் ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சலோடு அப்படி ஒன்றைப் பார்த்தால் இரண்டாவதைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

இப்போது எல்லோரும் தவறாகப் படிக்கும் இடம். மறையாவிட்டால் ஓடு என்பது சரி. மறைந்தால் பயமில்லை என்பது சரியில்லை. இந்த நோயின் தொடக்கத்தில் தட்டம்மை மாதிரியோ வேர்க்குரு மாதிரியோ, அழுத்தினால் மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு வரலாம். சிலருக்குத் தடிப்பே வராது. ஆகவே மூன்றாவது படியில் ஏதாவது சரியில்லை என்றால், டம்ளர் சொல்லும் நல்ல செய்தியைக் காதில் வாங்காதீர்கள்.

7. பேனாவால் வட்டம், பக்கத்தில் நேரம்

மறையாத புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டு, தோலிலேயே நேரத்தை எழுதுங்கள்: 8.10. போட்டோவும் எடுங்கள், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து.

இது பரவுகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்காக அல்ல. கிளம்பும்போதே போட வேண்டியது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது வட்டத்துக்கு வெளியே புதுப்புள்ளி இருந்தால், பார்க்கிற டாக்டருக்கு ஒரே பார்வையில் வேகம் தெரிந்துவிடும். ‘கொஞ்ச நேரம் முன்னாடி இவ்ளோ இல்ல டாக்டர்’ என்பதை யாரும் அளக்க முடியாது. 8.10க்கு மூன்று, 8.50க்குப் பதினாலு என்றால் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

8. குழப்பும் மற்ற புள்ளிகள்

கொசுக்கடியும் எறும்புக்கடியும்: நடுவில் குத்தின தடம் இருக்கும், தடித்திருக்கும், அரிக்கும், திறந்த இடங்களில் இருக்கும். ரத்தப்புள்ளி அரிக்காது, விரலால் தடவினால் பெரும்பாலும் தட்டையாக இருக்கும்.

பிறவி நீலத்திட்டு: நம் குழந்தைகள் பலருக்குப் பிட்டத்திலும் முதுகின் அடியிலும் நீலமாகப் பிறந்ததிலிருந்தே இருக்கும். அழுத்தினால் மறையாது. மச்சமும் மறையாது. புது மாணவிகள் இதைப் பார்த்து ஓடிவருவார்கள், நான் திட்டுவதில்லை. அம்மாவிடம் ‘இது எப்பலேர்ந்து?’ என்று கேட்டால் முடிந்தது.

அம்மை: சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் இருக்கும். தட்டம்மையில் இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்ணோடு 3, 4 நாள் காய்ச்சலுக்குப் பிறகு காதுக்குப் பின்னால் ஆரம்பித்துக் கீழே இறங்கும். ஒரு நாள் காய்ச்சலில் கணுக்காலில் ஆரம்பிக்கும் ஊதாப்புள்ளி அம்மை மாதிரி இருக்காது. வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வைத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

டெங்கு: புள்ளிகள் பெரும்பாலும் 3ஆம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் சமயத்தில் வரும். உண்ணிக்காய்ச்சல்: அக்குள், இடுப்பு, அரை போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்ட மாதிரி வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு, காய்ச்சல் பல நாளாக இருக்கும். இரண்டிலும் ஆஸ்பத்திரிதான், வீட்டு வைத்தியம் இல்லை. பொருக்கைத் தேடுவது டாக்டருக்கும் கைகொடுக்கும்; நான்காவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் அது தானாகவே கண்ணில் படும்.

வாந்தியோ கக்குவான் மாதிரி இருமலோ பலமாக இருந்தால் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் ரத்தப்புள்ளி வரலாம். மார்புக் காம்பு மட்டத்துக்கு மேலே மட்டும் இருந்து, பிள்ளை தெம்பாக இருந்தால் அது அந்த வாந்தியாலோ இருமலாலோ வந்ததாகவே இருக்கலாம். அதற்குக் கீழே ஒன்று தெரிந்தாலும் இந்த ஆறுதல் செல்லாது.

தட்டணு குறைந்தோ, ரத்தநாள ஒவ்வாமையாலோ, காய்ச்சலே இல்லாமல் ஓடி விளையாடும் பிள்ளைக்குக் காலெல்லாம் திட்டு வருவதுண்டு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான், ஆனால் அதன் வேகம் வேறு.

9. கிளம்புவது

இரண்டாவது, மூன்றாவது படியில் ஏதாவது சரியில்லை, அல்லது காய்ச்சலோடு மறையாத புள்ளி: இரண்டில் ஒன்று போதும். 108 தமிழ்நாட்டுப் பக்கமும் புதுச்சேரிப் பக்கமும் வேலை செய்யும்.

கடலூரில் இருப்பவர்கள் செய்யும் தவறு, மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையைக் கையருகே வைத்துக்கொண்டு நேராக ஜிப்மருக்கு விடுவது. கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், அதற்கப்புறம் ஊரைக் குறுக்கே கடந்து கோரிமேடு. சாயங்கால நெரிசலில் அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். நரம்பில் ஊசி போட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கக்கூடிய, மூச்சுக்கு உதவக்கூடிய மிக அருகிலுள்ள இடம்தான் முதல் இடம். முதல் டோஸ் ஏறிய பிறகு, தேவையென்றால் அவர்களே ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அதே சமயம், வண்டி தயாராக நிற்கும்போது ஊசிக்காகக் காத்திருந்து பயணத்தைத் தாமதிப்பதும் வேண்டாம்.

தெருமுனை கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். நான் வேலை செய்யும் இடத்தைக் குறை சொல்லுகிற மாதிரி இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: அவசரப் பிரிவிலும் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கே ஒரு தடவை அது நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனோடு வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அவன் அப்பா ‘ரெண்டு நாளா காய்ச்சல்’ என்று ஆரம்பித்தார், பெஞ்சைக் காட்டிவிட்டார்கள். அதனால் முதல் வாக்கியத்தை வழியிலேயே தயார் செய்யுங்கள்: ‘காய்ச்சல், அழுத்தினா மறையாத புள்ளி, 8.10க்கு மூணு, இப்ப பதினாலு.’ அப்புறம் பேர், ஊர்.

வண்டியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பழைய சீட்டு எங்கே என்று பீரோவைக் குடைய வேண்டாம். எந்த மருந்துக்கு ஒவ்வாமை, என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வயது வந்தவர்களுக்கும் இதே வரிசைதான். ஹாஸ்டல் மாணவர்கள் முக்கியம். அறையில் தனியாகப் படுத்திருப்பவனை ‘தூங்கட்டும்டா’ என்று விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அவன் சட்டையைக் கழற்றிப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை.

10. உள்ளே போன பிறகு நடப்பவை

ரத்தம் எடுப்பார்கள், கிருமி வளர்த்துப் பார்க்க. முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஒரு மருந்தை உடனே ஏற்றுவார்கள். நரம்பு கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போட்டு அதன் வழியாகக் கொடுப்பதுண்டு. பார்க்கப் பயமாக இருக்கும். ரத்த ஓட்டம் தளர்ந்து சுருங்கிப்போன நரம்பைத் தேடி நேரம் கழிவதைவிட அது நல்லது.

‘முதுகுல தண்ணி எடுக்கலையா?’ என்று கேட்பார்கள். புள்ளி பரவிக்கொண்டிருக்கும்போதும், பிள்ளை ரத்த ஓட்டம் தளர்ந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும்போதும் அதைத் தள்ளிவைப்பதுதான் முறை. ரத்தம் உறையாத உடம்பில் முதுகில் குத்துவது ஆபத்து. குத்துவதற்காகச் சுருட்டிப் பிடிப்பதும் அந்த நிலையில் ஆபத்து.

மருந்து தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் புதுப்புள்ளிகள் வரலாம். கிருமி சாகும், ஆனால் ஏற்கனவே வெளியான நச்சு வேலையைத் தொடரும். அதனால் உடனே ‘மருந்து ஒத்துக்கல’ என்று வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கறுத்துப்போன திட்டுகள் பிறகு உரிந்து புண்ணாகலாம். சிலருக்குத் தோல் ஒட்டு தேவைப்படும், சிலருக்கு விரல் போகும். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரிந்து தெரிய நாளாகும். வீடு திரும்பும் முன்போ, அடுத்த சில வாரங்களிலோ காது கேட்கும் சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்; அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

11. வீட்டில் மற்றவர்களுக்கு

இந்தக் கிருமி நூறில் பத்துப் பேர் அளவுக்குத் தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். எச்சில், இருமல் துளி வழியாக, நெருங்கிப் பழகுவதால் பரவும். நோய் உறுதியானாலோ பலமான சந்தேகம் இருந்தாலோ, முந்தைய 7 நாளில் ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள், முத்தம் கொடுத்துக் கொஞ்சியவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். தெரு முழுக்க, பள்ளிக்கூடம் முழுக்கத் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் வேண்டாம்.

சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே டோஸ், அல்லது ரிஃபாம்பிசின் 2 நாள், அல்லது கர்ப்பிணிகளுக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஒரு ஊசி. யாருக்கு எது என்று டாக்டர்தான் எழுத வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாது. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். முன்னாடியே சொல்லாவிட்டால் அன்று ராத்திரி அந்த வீட்டிலிருந்து இன்னொரு போன் வரும்.

தடுப்பூசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லை. ஹஜ் போகிறவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், வெளிநாட்டில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஏ, சி, ஒய், டபிள்யூ வகைகளுக்கு எதிரான ஊசி பி வகையைத் தடுக்காது.

தடுப்பு மாத்திரை தொண்டையில் இருக்கும் கிருமியைத்தான் அழிக்கிறது. ஏற்கனவே ரத்தத்தில் இறங்கிவிட்டதற்கு அது வைத்தியம் ஆகாது. அந்த வீட்டில் அடுத்த பத்து நாளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ‘மாத்திரை போட்டாச்சே’ என்று இருக்காமல் இரண்டாவது படியிலிருந்து ஆரம்பியுங்கள்.